சமபங்கு ஸ்வரங்கள்: சில மனப்பதிவுகள்

ஸ்தாயியைப் பன்னிரண்டாகத்தான் பங்கு போடவேண்டும் என்று எந்த இயற்கை விதியும் சொல்லவில்லை. இதை ஒரு தகவலாக நான் வெகுநாளாக அறிந்திருந்தேன். தகவலாக அறிவதற்கும் காதால் அறிவதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பது கடந்த ஒன்றரை வருஷத்தில்தான் தெரிந்தது. 5, 7, 8, 9, 10, 11, 13 என்று ஸ்தாயியைச் சம பங்குகளாக வெட்டிக்கொண்டு, ஒவ்வொன்றோடும் சில வாரங்கள் குடித்தனம் நடத்திப் பார்த்தேன். அப்போது நோட்டில் எழுதிவைத்த மனப்பதிவுகளைப் பற்றியும், அவற்றில் எவ்வளவு தேறும் என்பதைப் பற்றியும் எழுத நினைக்கிறேன். நான் வித்வான் இல்லை. சிறுவயதில் ஆறு வருஷம் வீணை கற்றுக்கொண்டு விட்டுவிட்டவன். அந்த ஆறு வருஷம் காதில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கிறது என்பதும் இந்தக் கட்டுரையின் விஷயங்களில் ஒன்று.

ஏற்பாடு எளிமையானது. ஒரு கீபோர்டு, அதோடு இணைத்த கம்ப்யூட்டர். எந்தக் கட்டையை அழுத்தினால் எந்த ஸ்வரம் ஒலிக்கவேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். 8 பங்கு என்றால் எட்டுக் கட்டை தள்ளி மேல் ஸட்ஜம். 13 என்றால் பதின்மூன்று கட்டை தள்ளி. கறுப்பு வெள்ளைக்கு அர்த்தம் போய்விடுகிறது. கண் ஒன்று சொல்லும், காது வேறொன்று சொல்லும். ஸட்ஜம் விழும் கட்டைகளில் மட்டும் காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். அளவு சொல்ல ஓர் அலகு வேண்டும். அலெக்ஸாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் 1885-இல் முன்வைத்த சென்ட் என்ற அலகு வசதியானது. ஸ்தாயி முழுவதும் 1200 சென்ட். பியானோவில் அடுத்தடுத்த ஸ்வரங்களுக்கிடையே 100. ஸட்ஜத்தைப்போல் ஒன்றரை மடங்கு அதிர்வுள்ள இயற்கையான பஞ்சமம் 702. தம்பூராவில் யாரும் மீட்டாமலே தானாக எழும் அந்தர காந்தாரம் 386. இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

எனக்கு ஒரு முன்முடிவு இருந்தது. சமபங்கு என்றால் ஹார்மோனியம். ஹார்மோனியம் என்றால் காதுக்குக் கேடு. 1940-இலிருந்து 1971 வரை ஆல் இந்தியா ரேடியோ ஹார்மோனியத்தை ஒதுக்கிவைத்திருந்த சரித்திரத்தில் நான் ஒதுக்கிவைத்தவர்கள் கட்சி. ஸ்வரங்களுக்கிடையே இயற்கையாக உள்ள உறவை, எந்த ஸ்வரத்திலிருந்தும் தொடங்கலாம் என்ற சௌகரியத்துக்காக விற்றுவிட்ட மேல்நாட்டு ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம். இந்த அபிப்பிராயத்தில் ஓர் ஓட்டை இருப்பதை முதலில் காட்டியது கீபோர்டு அல்ல, ஒரு புத்தகம். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’. 22 ஸ்ருதிக் கொள்கையை மறுத்து, ஸ்தாயியை 24 சம பங்காகக் கணக்கிட்டவர் அவர். அதற்கு ஆதாரமாக அவர் திரும்பியது பியானோவிடமல்ல, சிலப்பதிகாரத்திடமும் அதன் உரைகளிடமும். இயற்கையான பஞ்சமத்தைப் பன்னிரண்டு முறை அடுக்கிக்கொண்டு போனால் புறப்பட்ட ஸ்வரத்துக்குத் திரும்ப முடியாது. ஏழு ஸ்தாயியைத் தாண்டி ஏறக்குறைய 23 சென்ட் மிச்சம் நிற்கும். வட்டம் மூடவேண்டும் என்பவன் எங்கேயாவது சமப்படுத்தியே ஆகவேண்டும். பண்டிதருடைய சரித்திர வாதத்தை ஏற்கிறோமோ இல்லையோ, சமபங்கு என்பது ஒரு கடைச்சரக்கு என்று சொல்லி அவரைத் தள்ளிவிட முடியாது. எங்கள் சண்டை உண்மையில் 12 என்ற எண்ணோடுதான். சமத்தோடு நாங்கள் சண்டை போட்டதே இல்லை என்பது எனக்கு அப்போது உறைத்தது. வேறு சமங்களை நாங்கள் கேட்டிருந்தால்தானே?

முதலில் 5. ஒவ்வொரு பங்கும் 240 சென்ட். பஞ்சமம் 720-இல் விழுகிறது. கொஞ்சம் தூக்கலாக, ஆனால் பஞ்சமம்தான். எந்தக் கட்டையை எதோடு அழுத்தினாலும் குற்றம் வருவதில்லை. முதல் நாள் நோட்டில் ‘குழந்தைத்தனம், சுத்தம்’ என்று எழுதியிருக்கிறேன். மோகனம்போல் இருக்கிறதே என்று வாசித்துக்கொண்டு போனேன். பிறகு மத்யமாவதிபோல் இருந்தது. அதற்குப் பிறகுதான் நடந்திருப்பது புரிந்தது. மோகனத்தில் கிரக பேதம் செய்தால் மத்யமாவதி, ஹிந்தோளம், சுத்த ஸாவேரி, சுத்த தன்யாசி கிடைக்கும். மோகனத்தின் ஐந்து இடைவெளிகளில் மூன்று சிறியவை, இரண்டு பெரியவை என்பதால்தான் எங்கிருந்து தொடங்குகிறோம் என்பது அர்த்தமாகிறது. 5 பங்கில் எல்லா இடைவெளியும் ஒன்று. ஐந்து ராகங்களும் ஒரே ராகமாகிவிடுகின்றன; அதாவது ஒன்றும் இல்லாமல் போகின்றன. 7 பங்கில் இதே கதை இன்னும் பெரிய அளவில். பங்கு 171 சென்ட். சங்கராபரணம், கரஹரப்பிரியா, தோடி, கல்யாணி, ஹரிகாம்போதி, நடபைரவி எல்லாம் ஒரே வரிசை. நிஷாதத்திலிருந்து தொடங்கினால் பஞ்சமம் கிடைக்காதே என்ற பழைய சங்கடம்கூட இல்லை. காந்தாரம் 343-இல் நிற்கிறது. ஸாதாரணமும் அல்ல, அந்தரமும் அல்ல. ‘சோகமும் இல்லை, சந்தோஷமும் இல்லை, ஆஸ்பத்திரிச் சுவர்’ என்று எழுதியிருக்கிறேன்.

ராகம் சமமின்மையிலிருந்து பிறக்கிறது என்பதை இவ்வளவு அப்பட்டமாக எனக்கு யாரும் சொன்னதில்லை. சமபங்கை நடைமுறையில் வைத்திருப்பதாகச் சொல்லப்படும் மரபுகள்கூட இதை அறிந்தவைதான். 1885-இல் லண்டனுக்கு வந்த சயாம் அரசவை வாத்தியக்காரர்களிடம் எல்லிஸ் 7 சம பங்கைக் கண்டார். பிற்கால அளவீடுகள் அவ்வளவு சுத்தமான சமத்தைக் காட்டவில்லை என்பது ஒருபுறம். அந்த ஏழிலிருந்து ஐந்தைப் பொறுக்கிப் பாடுவதுதான் அவர்களிடம் பரவலான வழக்கம் என்பது முக்கியம். பொறுக்கியவுடன் ஓர் இடத்தில் ஒரு பங்கு, இன்னோரிடத்தில் இரண்டு பங்கு என்று சமமின்மை வந்துவிடுகிறது. ஜாவாவின் ஸ்லெந்த்ரோவை 5 சமபங்கு என்பது ஏட்டுப் பேச்சு. ஒரு கேமலான் வாத்தியத் தொகுதியின் ஸ்ருதி இன்னொன்றில் இல்லை, சமத்திலிருந்து ஒவ்வொன்றும் தனக்குரிய முறையில் விலகுகிறது. சமம் தரைதான். அதன்மேல் நடப்பதற்கு ஒரு கோணல் தேவை.

8 பங்குக்கு வந்ததும் தம்பூரா தொல்லை ஆரம்பித்தது. பங்கு 150 சென்ட். 600 உண்டு, 750 உண்டு, இடையில் எதுவுமில்லை. பஞ்சமம் கிடையாது. மத்யமத்தில் கூட்டிக்கொள்ளலாம் என்றால் அதுவும் கிடையாது; 450-க்குப் பிறகு 600. தம்பூராவின் பஞ்சமத் தந்தியை முதல்முறையாகச் சும்மா விட்டு, ஸட்ஜத்தை மட்டும் மீட்டினேன். 300, 600, 900 என்ற ஸ்வரங்கள் பழைய பன்னிரண்டிலும் இருப்பவை. ஒன்று விட்டு ஒன்று தெரிந்த முகம், இடையில் தெரியாத முகம். 9 பங்கில் 400, 800 தெரிந்தவை; பஞ்சமத்தின் இடத்தில் 667 என்று ஒன்று குந்தியிருக்கிறது. ஜாவாவின் பெலோக்கின் சாயல் அதில் இருப்பதாகச் சொல்வதுண்டு. என் காதுக்கு அது துருப்பிடித்த மணி. 10 என்பது 120 சென்ட் தள்ளிவைத்த இரண்டு 5. பஞ்சமம் அதே 720. காந்தாரம் 360, அந்தரத்துக்கு எட்டாமல், ஸாதாரணத்துக்கு இறங்காமல். இதை முதலில் வெறுத்தேன். கடைசியில் அதிகம் வாசித்தது இதைத்தான்.

11-உம் 13-உம் வேறு ஜாதி. 11-இன் பங்கு 109 சென்ட், 13-இன் பங்கு 92. இரண்டுமே பியானோவின் 100-க்கு அக்கம்பக்கம். ஆகவே அடுத்தடுத்த இரண்டு கட்டைகளைக் கேட்கும்போது ஒன்றும் சந்தேகம் வராது. காது நம்பிவிடும். 13-இல் ஒவ்வொரு கட்டையாக ஏறிக்கொண்டு கூடவே பாடிப் பார்த்தேன். ஏழாவது படியில் என் தொண்டை பழக்கப்படி 700-இல், பஞ்சமத்தில் போய் நின்றது. கீபோர்டு 646-இல் நின்றது. எந்தப் படியில் நான் தவறினேன் என்று சொல்ல முடியவில்லை; எந்தப் படியிலும் தவறவில்லை. இருட்டில் பழகிய மாடிப்படி ஏறும்போது, படிகள் முடிந்துவிட்டன என்று நினைத்துக் காலை வைத்தால் இன்னொரு படி இருக்குமே, அந்தத் திடுக்கிடல். 11-இல் அதற்கு நேர்மாறு. ஏழாவது படி 764-இல். இல்லாத படியில் கால் வைக்கிறோம். கொச்சையாகச் சொன்னால் 8-உம் 9-உம் அந்நியர்கள். 11-உம் 13-உம் ஆள்மாறாட்டக்காரர்கள்.

இவையெல்லாம் முதல் சுற்று மனப்பதிவுகள். ஐவர் டாரெக் என்ற அமெரிக்கர் (1917–1994) ஒவ்வொரு சமபங்குக்கும் தனக்கென ஒரு மனநிலை உண்டு என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர். அவர் சொன்னதற்கு என் நோட்டு சாட்சி என்றே நினைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்து இரண்டாவது சுற்று வந்தபோதுதான் சிக்கல். முந்தைய பக்கங்களைப் புரட்டாமல், புதிதாக எழுதினேன். பிறகு ஒப்பிட்டேன். 7 பங்கின் ஆஸ்பத்திரிச் சுவர் காணோம். அந்த 343 காந்தாரம் இப்போது சாவதானமாக, வயசான ஒருவரின் பேச்சைப்போல இருந்தது. அதிலிருந்து நேராகப் பன்னிரண்டுக்குத் திரும்பியபோது, பியானோவின் 400 சென்ட் காந்தாரம் கூச்சல் போட்டது. நான் பிறந்ததிலிருந்து கேட்டுவந்த ஸ்வரம் அது. 9-இன் துருவும் போய்விட்டது. மணி மட்டும் மிச்சம். 5-இன் குழந்தைத்தனத்தை நான் எழுதியது 5-ஐப் பற்றி அல்ல என்று தெரிந்தது. அது, எங்கிருந்து கிளம்பி அங்கே போனேன் என்பதைப் பற்றிய குறிப்பு.

டாரெக்கின் மனநிலைகளில் பெரும்பகுதி இப்படிக் கரைந்துவிட்டது. ஆனால் எல்லாம் கரையவில்லை. 13-இன் ஏமாற்று இரண்டாம் சுற்றிலும் இருந்தது. முன்போல் திடுக்கிடவில்லை, ஆனால் ஏழாம் படியில் தொண்டை இன்னமும் விலகித்தான் நிற்கிறது. 8-இல் பஞ்சமம் இல்லாத வெறுமை இருந்தது. 5-இல் எங்கே தொடங்கினாலும் ஒன்றுதான் என்ற நிலை இருந்தது. ஆக, மனப்பதிவுகள் இரண்டு வகை. பழக்கம் உண்டாக்கியவை, அவை பழக்கம் மாறினால் போய்விடும். அமைப்பு உண்டாக்கியவை; அவற்றை ஒரு பக்கக் கணக்கில் காட்டலாம், எத்தனை முறை கேட்டாலும் இருக்கும். முதல் தடவை கேட்கும்போது இவ்விரண்டும் ஒரே அதிகாரத்தோடு பேசுகின்றன. எது எது என்று அந்த இடத்திலேயே தெரிந்துகொள்ள எனக்கு வழி இருக்கவில்லை. இரண்டாம் தடவைதான் வழி.

நம்மிடையே இது பழைய வழக்கு. க.நா.சு. தன் ரசனையை நம்பிப் பட்டியல் போட்டார்; செல்லப்பா அலசிக் காட்டவேண்டும் என்றார். இரண்டு கட்சியும் மற்றதைக் கேலி செய்தே காலம் கழித்தன. என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று காவல். 13-இல் ஏதோ நழுவுகிறது என்று எனக்குச் சொன்னது ரசனை. கணக்கு பிறகுதான் வந்தது. கணக்கு முதலில் வந்திருந்தால் எங்கே காது கொடுப்பது என்றே தெரிந்திருக்காது. ஆனால் 7 பங்கு உயிரில்லாதது என்று முதல் சுற்றோடு தீர்ப்பு எழுதி எந்தப் பத்திரிகைக்காவது அனுப்பியிருந்தால், அதுவும் ரசனையின் பேரால்தான் அச்சாகியிருக்கும். எத்தனை கவிதைத் தொகுதிகளைப் பற்றி நான் அப்படி எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பிறர் செய்தவற்றையும் தேடிக் கேட்டேன். சிகாகோ சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்த ஈஸ்லி பிளாக்வுட் (1933–2023), 13-இலிருந்து 24 வரை ஒவ்வொரு சமபங்குக்கும் ஒன்றாக, பன்னிரண்டு எலக்ட்ரானிக் எட்யூடுகளை 1980-இல் வெளியிட்டார். தீவிரமான, நாணயமான வேலை. ஒவ்வொரு பங்கீட்டிலும் மேல்நாட்டு ஹார்மனியின் பழகிய நடை எவ்வளவு தூரம் ஸாத்யம் என்று அவர் தேடுகிறார். 19 பங்கில் இது அனாயாசமாக முடிகிறது. பஞ்சமம் 695, 316 சென்ட் உள்ள இயற்கையான ஸாதாரண காந்தாரம் அதில் மயிரிழை பிசகாமல் விழுகிறது. சொல்லாவிட்டால் வித்தியாசமே தெரியாமல் கேட்டுவிடலாம். 13-இல் அப்படி முடியாது என்பது அவருக்கும் தெரிகிறது, நமக்கும் கேட்கிறது. ஆனால் அங்கும் அவர் வீட்டுச் சாமான்களை இறக்கி, அவை பொருந்தும் மூலைகளைத் தேடிக்கொண்டிருப்பதாகவே எனக்குப் பட்டது. புது ஊரில் பழைய வீட்டைக் கட்டுவதில் அவருடைய சாமர்த்தியத்தைப் பாராட்டிக்கொண்டே, அந்த ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பதில் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. வில்லியம் செத்தாரஸ் என்ற எஞ்சினியர் 1993-இல் ஓர் ஆய்வுக்கட்டுரையிலும், பிறகு 1998-இல் ஒரு புத்தகத்திலும் சொன்ன விஷயம் இது. ஒரு தந்தியை மீட்டினால் ஒரு ஸ்வரம் மட்டும் ஒலிப்பதில்லை. அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் உள்ளுக்குள் ஒலிக்கின்றன. தம்பூராவில் தானாக எழும் காந்தாரம் ஐந்தாவது மடங்கு. இரண்டு ஸ்வரங்கள் இசைவதும் உரசுவதும் பெரும்பாலும் இந்த உள் ஒலிகள் ஒன்றோடொன்று இழைகின்றனவா முட்டுகின்றனவா என்பதைப் பொறுத்தது. பஞ்சமம் இனிப்பதற்கு 702 என்ற எண்ணில் மாயம் எதுவுமில்லை. நம் தந்திகளும் குழல்களும் தொண்டைகளும் உள்ளே அந்த மடங்குகளை வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். உள் ஒலிகள் வேறு இடத்தில் அமைந்த வாத்தியத்தில் வேறு ஸ்வரங்கள் இனிக்கும். உலோகத் தகடுகளைத் தட்டி எழுப்பும் ஜாவா இசையின் ஸ்ருதிகள் நம்முடையவைபோல் இல்லாததற்கு அவர் காட்டும் காரணம் இதுதான். இதை அவர் செய்தும் காட்டினார். வாத்திய ஒலிகளைக் கம்ப்யூட்டரில் பிரித்து, உள் ஒலிகளை 10 பங்கின் படிகளுக்கும் 11 பங்கின் படிகளுக்கும் நகர்த்திவைத்து இசையமைத்தார். 10-க்கு ‘டென் ஃபிங்கர்ஸ்’, 11-க்கு ‘தி டர்க்காய்ஸ் டாபோ கேர்ள்’. அந்தப் பதினொன்றைக் கேட்டபோது நான் எழுந்து உட்கார்ந்தேன். இல்லாத படி அங்கே இல்லை. உரசல் இல்லை. என் கீபோர்டில் ஆள்மாறாட்டக்காரனாக வந்த அதே 11, சொந்த ஊரில் சொந்த பாஷை பேசுகிறவனைப்போல் நடமாடியது.

கோளாறு 11-இல் இல்லை. நான் அதற்குக் கொடுத்த குரலில் இருந்தது. கணக்கில் காட்டக்கூடிய, இரண்டாம் சுற்றிலும் போகாத குறை என்று நான் தனியே எடுத்துவைத்தவற்றிலும் ஒரு பகுதி இப்படி என் கையை விட்டுப் போயிற்று. 8-இல் பஞ்சமம் இல்லை என்பது கணக்கில் உண்மை. அது ஒரு வெறுமை என்பது தந்தி வாத்தியத்தின் உண்மை. தம்பூராவை மீட்டிக்கொண்டு 8-ஐத் தீர்ப்புச் சொல்வது, எதுகை மோனையைத் தேடிக்கொண்டு புதுக்கவிதையைப் படிப்பதுபோல என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் பொய் சொன்னதாகிவிடும். கம்ப்யூட்டரில் ஒலியை மாற்றலாம். தொண்டையை மாற்ற முடியாது. மனிதக் குரலின் உள் ஒலிகள் அதே இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்குதான். செத்தாரஸின் பதினொன்று இசைந்து ஒலிக்கும்போது கூடவே பாடிப் பார்த்தேன். உரசியது நான்தான். அந்த ஊரில் எல்லோரும் இசைந்திருக்கிறார்கள், என் ஒருவனைத் தவிர. ஒன்றரை வருஷத்தில் காது எவ்வளவோ நகர்ந்திருக்கிறது. 343 காந்தாரத்தை அது இப்போது கேட்டு வாங்குகிறது. தொண்டை ஒரு சென்ட்கூட நகரவில்லை.

இதில் வருத்தப்பட ஏதாவது இருக்கிறதா என்று யோசிக்கிறேன். கேட்கிறவனுக்கு இல்லை, அவனுக்கு இன்னும் எத்தனையோ பங்கீடுகள் பாக்கி. பாடுகிறவனுக்கு இருக்கலாம். விமர்சனம் எழுதும்போது நாம் கேட்கிறவர்களாகத்தான் இருக்கவேண்டும், ஆனால் பாடுகிறவர்களாகவே இருந்துவிடுகிறோம். நம் தொண்டைக்கு வராததைக் காதுக்கு ஆகாதது என்று எழுதிவிடுகிறோம். என் பழைய நோட்டின் முதல் சுற்றுப் பக்கங்களை நான் கிழிக்கவில்லை. அவற்றில் ஸ்வரங்களைப் பற்றி அதிகம் ஒன்றுமில்லை. எழுதினவனைப் பற்றி நிறைய இருக்கிறது.